கடுகின் காரமும் காவலும்

முன்னுரை

'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்பது நம் மக்கள் வழக்கில் நாள்தோறும் பயிலும் பழமொழி. உருவில் சிறியாரை எளியர் எனக் கருதி இகழலாகாது என்னும் அறிவுரையை அது தாங்கி நிற்கிறது. ஆயின், முழுக்கடுகு ஒன்றை நாவில் இட்டுக் கடிக்காமல் வைத்திருந்து பார்ப்போமானால், அதில் காரம் என்பதே இல்லை என்பதை உணரலாம். பல்லிடைப்பட்டு நசுங்கி, உமிழ்நீருடன் கலந்த பின்னரே காரம் தோன்றுகிறது. அங்ஙனமாயின் நசுங்காத கடுகில் அக்காரம் எங்கே இருந்தது? நசுக்கும்போது மட்டும் அது எவ்வாறு பிறக்கிறது? யாரை எண்ணிச் செடி அதனைச் சேர்த்து வைத்திருக்கிறது? இம்மூன்று வினாக்களும் நம்மை ஒரு நெடிய போர்க்களத்திற்கு அழைத்துச் செல்கின்றன. ஓடவும் ஒளியவும் இயலாத செடி ஒருபுறம். அதனை உண்டு வாழும் பூச்சி மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடந்துவரும் வேதிப்போரின் இயல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இப்பொருள் புறம்பானதோ எனச் சிலர் ஐயுறலாம். புறம்பானதன்று என்பதே நம் கருத்து. வெண்சிறுகடுகினை 'ஐயவி' என்னும் பெயரால் சங்க இலக்கியம் நன்கு அறியும். போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்கும் பொருட்டு இல்லத்தில் ஐயவியைச் சிதறுதலும் புகைத்தலும் உண்டு எனப் புறநானூறு காட்டுகிறது. அவ்வழக்கிற்கு இன்றைய அறிவியலை வலிந்து பொருத்துவது நம் வேலையன்று. எனினும், நம் முன்னோர் காவற்பொருளாகக் கொண்ட கடுகு தன்னைத்தானே எவ்வாறு காத்துக்கொள்கிறது என அறிய முற்படுவது தமிழ் மாணவர்க்கும் உரிய கடமையே எனலாம்.

கடுகுக் குடும்பம்

கடுகு, முட்டைக்கோசு, காலிபிளவர், முள்ளங்கி, நூல்கோல் ஆகியன அனைத்தும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மலரில் நான்கு இதழ்கள் எதிரெதிராகச் சிலுவை வடிவில் அமைந்திருக்கும். அதனால் பழைய தாவரவியலார் இக்குடும்பத்தைச் சிலுவைப்பூக் குடும்பம் என்னும் பொருளில் 'குருசிஃபெரே' என்று அழைத்தனர். இன்று கடுகின் பேரினப் பெயரை ஒட்டிப் 'பிராசிகேசியே' என வழங்குவர். இக்குடும்பத்தில் ஏறத்தாழ 3,700 இனங்கள் உள்ளன.

இவற்றைப் பிணைக்கும் மற்றொரு கயிறும் உண்டு. 'குளுக்கோசினோலேட்டுகள்' எனப்படும் வேதிப்பொருள்கள் இவை அனைத்திலும் காணப்படுகின்றன. நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கையும் பப்பாளியும், வேலிகளில் படரும் ஆதொண்டையும் கடுகின் தூரத்து உறவினங்களே. அவற்றிலும் இப்பொருள்கள் உண்டு என்பது வியப்பிற்குரியது. முருங்கை வேரைக் கிள்ளி முகர்ந்தால் கடுகை ஒத்த காரநெடி எழுவதற்கு இவ்வுறவே காரணமாகும்.

குளுக்கோசினோலேட்டு என்பது குளுக்கோஸ் சர்க்கரையும் கந்தகமும் நைட்ரஜனும் அடங்கிய ஒரு சேர்மம். புரதங்களுக்குக் கட்டுமானப் பொருளாகிய அமினோ அமிலங்களிலிருந்தே செடி இதனை உருவாக்கிக்கொள்கிறது. 130 வகை அளவிற்கு இவை கண்டறியப்பட்டுள்ளன. கடுகில் சிறப்பாக உள்ள வகைக்குச் 'சினிக்ரின்' என்று பெயர். பிரெஞ்சு நாட்டு வேதியியலார் புஸ்ஸி 1840-ஆம் ஆண்டளவில் கருங்கடுகிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். ஆயினும் இவற்றின் சரியான மூலக்கூற்று அமைப்பு விளங்க மேலும் ஒரு நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று. 1897-இல் முன்மொழியப்பட்ட அமைப்பு பிழையுடையது என்பதை 1956-இல் எட்லிங்கர், லுண்டீன் ஆகிய இருவரும் மெய்ப்பித்துத் திருத்தினர்.

பிரித்து வைத்தலே காவல்

சினிக்ரினுக்குக் காரம் இல்லை என்பதே ஈண்டு நாம் முதற்கண் கருதத்தக்கது. அது ஒரு சேமிப்புப் பொருள் மட்டுமே. அதனைக் காரமாக மாற்றுவது 'மைரோசினேஸ்' என்னும் நொதியாகும். நொதி என்பது தான் அழியாமல் பிற பொருள்களின் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். இந்நொதியும் சினிக்ரினும் ஒரே இலையில் இருப்பினும் ஓரிடத்தில் இருப்பதில்லை. நொதி, அதற்கென அமைந்த தனிச் செல்களில் அடைபட்டிருக்கிறது. சினிக்ரினோ வேறு செல்களின் சாற்றறைகளில் தேங்கியிருக்கிறது. நொதி இவ்வாறு தனிச் செல்களில் இருப்பதைப் பிரெஞ்சுத் தாவரவியலார் கினார் 1890-இல் எடுத்துக்காட்டினார்.

பூச்சி இலையைக் கடிக்கும்போது இவ்விரு செல்களின் சுவர்களும் ஒருங்கே சிதைகின்றன. பிரிந்திருந்தவை கலக்கின்றன. நொதி, சினிக்ரினிலிருந்து குளுக்கோசைத் துண்டித்து விடுகிறது. எஞ்சிய பகுதி நிலையற்றது. அது உடனே உருமாறி 'ஐசோதயோசயனேட்டு' என்னும் எரிச்சலூட்டும் எண்ணெயாகிறது. மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வரவழைக்கும் கடுகுநெடி இதுவே. சமையலுக்குப் பயன்படும் கடுகெண்ணெய் வேறு, எளிதில் ஆவியாகும் இக்காரஎண்ணெய் வேறு என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகிய மூன்றில் எதுவும் சிவப்பன்று. மூன்றும் வாயில் கூடும்போதே சிவப்புப் பிறக்கிறது. கடுகின் காரமும் அத்தகையதே. கூட்டத்தில்தான் அது பிறக்கிறது, தனிமையில் இல்லை. இவ்வமைப்பினைக் 'கடுகெண்ணெய்க் குண்டு' என்று 1984-இல் வெளிவந்த தம் ஆய்வுரையில் லூத்தி, மட்டீல் என்போர் பெயரிட்டு வழங்கினர். வெடிமருந்தையும் நெருப்பையும் வெவ்வேறு அறையில் வைத்திருக்கும் வீரனைப் போலச் செடி நிற்கிறது. அவற்றை ஒன்றுசேர்ப்பவன் பகைவனே.

இவ்வாறு பிரித்து வைப்பதன் பயன் யாது? ஐசோதயோசயனேட்டு செடிக்கும் நஞ்சே. அதனை ஆயத்த நிலையிலேயே நிரப்பி வைத்தால் செடியே முதலில் கெடும். தேவை எழும் இடத்தில், எழும் நொடியில் மட்டும் நஞ்சு பிறப்பதால் செடி தன்னைத் தானே கொல்லாமல் பகைவனைத் தாக்க முடிகிறது. கடிபட்ட இடம் தவிர்த்த ஏனைய இலைப்பரப்பு அமைதியாகவே இருக்கிறது.

அடுக்களைச் சான்று

இவ்வுண்மையை மெய்ப்பிக்க ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை, அடுக்களையே போதும். கடுகை ஈரமின்றிப் பொடித்து முகர்ந்தால் நெடி மிகக் குறைவாகவே இருக்கும். சிறிது குளிர்ந்த நீர் விட்டுக் குழைத்துச் சற்றுநேரம் வைத்திருந்தால் நெடி ஏறிக்கொண்டே போகும். நொதி வேலை செய்ய நீர் தேவை என்பதை இது காட்டுகிறது. அப்பொடியில் கொதிநீரை ஊற்றினாலோ காரம் பிறவாது. வெப்பத்தால் நொதி அழிந்துவிடுவதே அதற்குக் காரணம்.

தாளிப்பின் இரகசியமும் இதுவே. காய்ந்த எண்ணெயில் வெடிக்கும் கடுகு மணக்கும். ஆனால் மூக்கில் ஏறாது. வெடிப்பதற்கு முன்னரே அதன் நொதி செயலிழந்து விடுகிறது. பச்சைக் கடுகை அரைத்துச் சேர்க்கும் ஊறுகாயிலோ காரம் முழுமையாக நிற்கிறது. தாளிக்கும் கடுகு ஒன்று, அரைக்கும் கடுகு மற்றொன்று எனக் கொள்வதற்கில்லை, கடுகு ஒன்றே. நொதி உயிரோடு இருப்பதும் இல்லாததுமே வேறுபாடு. நம் இல்லத்துப் பெண்டிர் இவ்வேறுபாட்டைப் பெயர் அறியாமலேயே கையாண்டு வந்துள்ளனர்.

பூச்சிக்கு நேர்வது என்ன?

ஐசோதயோசயனேட்டு பூச்சியின் குடலை அடைந்ததும் அங்குள்ள புரதங்களுடன் பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. உடல் தன் நச்சுநீக்கத்திற்கென வைத்திருக்கும் 'குளுட்டாத்தையோன்' என்னும் பொருளையும் அது தீர்த்துவிடுகிறது. அதனால் புழுவின் வளர்ச்சி குன்றுகிறது, சில மடிகின்றன.

இதற்கு ஆய்வுச் சான்றுகள் பல உள. செலரிக் கீரையை உண்டு வாழும் கரும் வால்பட்டாம்பூச்சியின் புழுக்களுக்குச் சினிக்ரின் ஏற்றிய செலரி இலைகளை 1974-இல் எரிக்சன், ஃபீனி என்போர் உண்ணக் கொடுத்தனர். புழுக்கள் மடிந்தன. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியாகிய 'அராபிடாப்சிஸ்' மீது பார்த், ஜாண்டர் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. அச்செடியின் இலைகளில் மைரோசினேசை உண்டாக்கும் மரபணுக்கள் இரண்டையும் அவர்கள் செயலிழக்கச் செய்தனர். பல்வகைச் செடிகளை உண்ணும் புழுக்கள் அச்செடிகளில் முன்னினும் நன்கு கொழுத்தன. குண்டின் திரி நீக்கப்பட்டதும் கோட்டை திறந்தது என்பது இதனால் விளங்கும்.

காவலே அழைப்பாதல்

கடுகின் கதை இத்துடன் முடிந்திருக்குமாயின் அது வெற்றிக் கதையாக மட்டுமே அமைந்திருக்கும். ஆயின், முட்டைக்கோசுத் தோட்டத்தில் நுழையும் எவரும் புழுக்களால் சல்லடையான இலைகளைக் காண்பர். இத்துணைக் காவல் இருந்தும் இது எவ்வாறு நேர்கிறது?

இதற்கு விடை தேடியவர் நெதர்லாந்து நாட்டுத் தாவரவியலார் வெர்ஷாஃபெல்ட். முட்டைக்கோசு வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் எச்செடிகளை உண்கின்றன, எவற்றை மறுக்கின்றன என அவர் 1910-ஆம் ஆண்டு ஆராய்ந்தார். கடுகுநெடி உடைய செடிகளையே அவை நாடின. அவை வழக்கமாகத் தீண்டாத இலைகளில் கடுகுக் குடும்பச் செடி ஒன்றின் சாற்றைப் பூசியபோது அவ்விலைகளையும் உண்ணத் தொடங்கின. சினிக்ரினைப் பூசியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது.

பகைவனை விலக்கச் செடி தேடிவைத்த பொருளே, இப்பூச்சிக்கு உணவைக் காட்டும் அடையாளமாகிவிட்டது. தாய்ப்பூச்சி இலைமீது அமர்ந்து முன்கால்களால் தட்டிப் பார்க்கிறது. அக்கால்களின் நுனியில் உள்ள சுவையுணர்வு மயிர்கள் குளுக்கோசினோலேட்டை அறிந்தவுடன் முட்டை இடுகிறது. வாயிலில் நிறுத்திய காவலன், வழி கேட்டு வந்த கள்வனுக்கு வீட்டைச் சுட்டிக்காட்டியது போன்றது இது. நம் நாட்டு ஆதொண்டைக் கொடியிலும் இவ்வெள்ளை வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தின் புழுக்களே மேய்கின்றன என்பது நோக்கத்தக்கது. மொழியால், நிலத்தால் வேறுபட்ட நாடுகளிலும் இப்பூச்சிகள் ஒரே வேதி அடையாளத்தைப் பின்பற்றுகின்றன.

செடிகளில் காணப்படும் இத்தகைய பொருள்கள் கழிவுகள் என்றே முன்னர்ப் பலர் கருதினர். அவை பூச்சிகளுக்கு எதிரான காவலுக்கென அமைந்தவை என 1959-இல் ஃபிரெங்கெல் வற்புறுத்தி எழுதினார். செடி புதுக்காவல் அமைப்பதும், பூச்சி அதனை வெல்வதும், செடி மீண்டும் புதியது காண்பதும் மாறிமாறி நிகழ்ந்தே இருபுறமும் எண்ணற்ற இனங்கள் தோன்றின என்னும் கோட்பாட்டை எர்லிக், ரேவன் ஆகியோர் 1964-இல் வகுத்தனர். இதனை 'இணைப்படிமலர்ச்சி' எனத் தமிழில் குறிக்கலாம்.

காவலை வென்ற நால்வகை உத்திகள்

பூச்சிகள் இக்குண்டினை எவ்வாறு வென்றன என்பது அண்மைக்கால ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. அவ்வுத்திகளை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, வெடிப்பைத் திசைதிருப்புதல். சிறிய வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு, இலையைக் கடித்து நொதியையும் சினிக்ரினையும் கலக்கவே விடுகிறது. ஆயின் அதன் குடலில் உள்ள ஒருவகைப் புரதம் அவ்வேதிமாற்றத்தை வேறு வழியில் செலுத்துகிறது. ஐசோதயோசயனேட்டிற்கு மாறாக நஞ்சு குறைந்த 'நைட்ரைல்' உருவாகிறது. புழு அதனை எச்சத்தோடு வெளியேற்றிவிடுகிறது. இதனை விட்ஸ்டாக்கும் அவர்தம் குழுவினரும் 2004-இல் கண்டறிந்தனர்.

இரண்டாவது, திரியைக் கழற்றுதல். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, தன் குடலில் உள்ள ஒரு நொதியால் குளுக்கோசினோலேட்டிலிருந்து சல்ஃபேட்டுப் பகுதியை நீக்கிவிடுகிறது. அது நீங்கிய பொருளை மைரோசினேசால் வெட்ட இயலாது. பூட்டின் வடிவத்தை மாற்றிவிட்டபின் சாவி கையில் இருந்து பயன் என்ன? இதனை ரட்ஸ்கா முதலியோர் 2002-இல் விளக்கினர்.

மூன்றாவது, படைக்கலத்தைக் கவர்ந்துகொள்ளுதல். முட்டைக்கோசு அசுவினி, செடியின் சாற்றைக் குழாய் போன்ற வாயுறுப்பால் உறிஞ்சுவதால் செல்கள் மிகுதியாகச் சிதைவதில்லை. குண்டு வெடிப்பதில்லை. உறிஞ்சிய குளுக்கோசினோலேட்டை அசுவினி தன் உடல் நீர்மத்தில் சேர்த்து வைக்கிறது. வியப்பு யாதெனில், அதற்குரிய நொதியையும் அது தானே உருவாக்கித் தலையிலும் மார்பிலும் உள்ள தசைகளில் வைத்திருக்கிறது. ஓர் இரைகொல்லி அதனைக் கடித்து நசுக்குமாயின் அங்கேயே கடுகுக்காரம் பிறக்கிறது. நடமாடும் கடுகுக் குண்டு என்றே ஆய்வாளர் இதனை அழைப்பர். தெள்ளுப்பூச்சி போலத் துள்ளும் ஒருவகைச் சிறு வண்டும் இவ்வாறே குளுக்கோசினோலேட்டைச் சேர்த்துத் தன் சொந்த நொதியால் பயன்படுத்துவதை 2014-இல் பெரான் முதலியோர் வெளியிட்டனர்.

நான்காவது, நஞ்சைத் தாங்கிக்கொள்ளுதல். பல்வகைச் செடிகளை உண்ணும் சில புழுக்கள், பிறந்த ஐசோதயோசயனேட்டைக் குளுட்டாத்தையோனோடு பிணைத்து ஒருவாறு வெளியேற்றுகின்றன. இம்முறையில் உயிர் பிழைக்கலாம். ஆயின் உடல் வளர்ச்சிக்குரிய பொருளை இதற்கெனச் செலவிட வேண்டியுள்ளது. எனவே இவை மெலிந்தே வளர்கின்றன.

இந்நான்கினையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஒரே காவலை உடைக்க ஒரே வழி என்பதில்லை. பகைவர் பலராயின் வழிகளும் பல.

துணைப்படை

தனித்து நின்று தோற்கும் செடி துணை தேடிக்கொள்வதும் உண்டு. புழு கடித்த முட்டைக்கோசு இலையிலிருந்து எழும் மணம், கடிபடாத இலையின் மணத்தினின்று வேறுபட்டது. அம்மணத்தை நாடிச் சிறு குளவிகள் வருகின்றன. அவை புழுவின் உடலுக்குள் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குளவிக் குஞ்சுகள் புழுவையே உணவாக்கிக்கொள்கின்றன.

இலையைக் கத்தியால் கீறினால் இத்துணை மிகுதியாகக் குளவிகள் வருவதில்லை. கீறிய இடத்தில் புழுவின் வாய்நீரைத் தடவினால் வருகின்றன. அவ்வாய்நீரில் உள்ள ஒரு நொதியே செடியின் மணத்தை மாற்றத் தூண்டுகிறது என மத்தியாச்சி, டிக்கி, போஸ்துமஸ் ஆகியோர் 1995-இல் கண்டனர். தன்னைக் கடித்தவன் இன்னான் என அறிந்து, அவனுக்கேற்ற பகைவனைச் செடி வரவழைக்கிறது எனலாம். அசுவினியை அழிக்கும் ஒருவகைக் குளவியோ கடுகின் காரநெடியையே வழிகாட்டியாகக் கொண்டு வருகிறது. இதனை ரீட், ஃபீனி, ரூட் ஆகியோர் 1970-இல் வெளியிட்டனர். ஆக, வண்ணத்துப்பூச்சிக்கு அழைப்பான அதே பொருள் குளவிக்கும் அழைப்பாகிறது.

இரண்டாம் மதில்

சில செடிகள் பழைய காவலோடு புதிய காவலையும் சேர்த்துக்கொண்டன. ஐரோப்பாவில் வளரும் 'பார்பரியா' என்னும் மஞ்சட்பூச் செடி இதற்கு ஏற்ற சான்று. அதிலும் குளுக்கோசினோலேட்டு உண்டு. அதனால் வைரமுதுகு அந்து அதனை நாடி வந்து முட்டையிடுகிறது. ஆயின் அதில் 'சப்போனின்' என்னும் மற்றொரு பொருளும் உள்ளது. அதனைப் புழுவால் வெல்ல இயலாது. முட்டையிலிருந்து வெளிவந்த புழுக்கள் அவ்விலையைத் தின்று மடிகின்றன. பழைய அடையாளத்தை நம்பி வந்த தாய், தன் மக்களை மரணத்தின் வாயில் விட்டுச் செல்கிறது.

'எரிசிமம்' என்னும் மற்றொரு செடியில் இதயத்தைத் தாக்கும் 'கார்டினோலைடு' என்னும் நஞ்சும் சேர்ந்துள்ளது. சிறிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி இதன்மீது அமர்ந்தாலும் அந்நஞ்சை உணர்ந்து முட்டையிடாமல் அகன்றுவிடுகிறது. கோட்டையின் முதல் மதில் உடைந்தபின் இரண்டாம் மதில் எழுப்பப்பட்ட காட்சியை இச்செடிகளில் நாம் காண்கிறோம்.

மரபணுக்களை ஒப்பிட்டு நோக்கிய ஆய்வுகள், கடுகு வரிசைத் தாவரங்கள் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியவை என மதிப்பிடுகின்றன. செடியின் மரபணுத் தொகுதி இரட்டிப்பாகிப் புதிய வகைக் குளுக்கோசினோலேட்டுகள் தோன்றிய காலங்களைத் தொடர்ந்து, அவற்றை உண்ணும் வண்ணத்துப்பூச்சிகளும் பல்கிப் பெருகியதை 2015-இல் எட்ஜர் முதலியோர் எடுத்துக்காட்டினர். இப்போரில் இறுதி வெற்றி என்பது எவர்க்கும் வாய்க்கவில்லை.

உழவர்க்கு இதனால் ஆவதென்ன?

இதுகாறும் கூறியவற்றை அறிவு மகிழ்ச்சிக்குரிய செய்தியாக மட்டும் கொண்டு நிறுத்துதல் ஆகாது. நாம் உண்ணும் முட்டைக்கோசும் அதனை விளைவிக்கும் உழவரின் உடல்நலமும் இச்செய்தியோடு பிணைந்துள்ளன.

வைரமுதுகு அந்து உலகெங்கும் முட்டைக்கோசு, காலிபிளவர்ப் பயிர்களின் முதற்பகைவன். வெப்பநாடுகளில் இது ஓராண்டில் 20 தலைமுறை அளவிற்கும் பெருகவல்லது. இதனை ஒழிக்க மனிதன் கையிலெடுத்த படைக்கலம் நஞ்சுத் தெளிப்பு. சாவா தீவில் டி.டி.டி. மருந்தை இப்பூச்சி எதிர்த்து நிற்பது 1953-லேயே அறிவிக்கப்பட்டது. வேளாண் பயிர்ப் பூச்சிகளில் அம்மருந்தை வென்ற முதற்பூச்சி இதுவே என்பர். பின்னர், பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்னும் நுண்ணுயிரியின் நஞ்சைத் தெளித்தனர். அதனையும் வயல்வெளியில் முதன்முதல் எதிர்த்து நின்றது இப்பூச்சியே. ஹவாய்த் தீவுகளில் கண்ட அச்செய்தி 1990-இல் வெளியாயிற்று.

கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செடியின் நஞ்சோடு பொருது பழகிய பூச்சிக்கு மனிதனின் நஞ்சு மற்றுமொரு புதுமையே அன்றி வேறன்று. ஒரே நஞ்சை மீண்டும் மீண்டும் தெளிக்கும்போது அதனைத் தாங்கவல்லவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. மேலும், தெளித்த நஞ்சு துணைக்கு வரும் குளவிகளையும் கொன்றுவிடுகிறது. செடி தனக்கெனத் தேடிவைத்த துணைப்படையை நாமே அழித்துவிட்டு, அதன் பகைவனை மட்டும் வலிமையுறச் செய்கிறோம். தெளிப்பின் எண்ணிக்கை கூடக்கூட உழவரின் செலவும், அவர் மூச்சில் ஏறும் நஞ்சும், நம் உணவில் எஞ்சும் நஞ்சும் கூடுகின்றன.

இதற்கு மாற்றாக அமைந்த வழி ஒன்று கடுகிலிருந்தே கிடைத்தது. முட்டைக்கோசும் கடுகும் அருகருகே நின்றால் வைரமுதுகு அந்து கடுகையே பெரிதும் நாடுகிறது. இதனைப் பயன்படுத்திக் கடுகைக் கவர்ச்சிப் பயிராக இடும் முறையைப் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சீனிவாசன், கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் 1991-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு 25 வரிசை முட்டைக்கோசுக்கும் இரண்டு வரிசைக் கடுகு இடுவது அம்முறை. அவ்விரண்டில் ஒரு வரிசையை முட்டைக்கோசு நடுவதற்கு 15 நாள்களுக்கு முன்னரும், மற்றதை நட்ட 25 நாள்களுக்குப் பின்னரும் விதைப்பர். பூச்சிகள் கடுகில் திரண்டபின் அவ்வரிசைகளில் மட்டும் மருந்து தெளித்தால் போதும். வயல் முழுவதும் தெளிக்க வேண்டுவதில்லை. நீலகிரியிலும் கொடைக்கானல் மலைச்சாரலிலும் முட்டைக்கோசு பயிரிடும் தமிழக உழவர்க்கு இது தொலைநாட்டுச் செய்தியன்று.

பயிரின் காவலைக் குறைக்கும்போதும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடுகின் பிண்ணாக்கில் குளுக்கோசினோலேட்டு மிகுந்தால் கால்நடைகளின் தைராய்டுச் சுரப்பி தீங்குறும். எனவே கனடா நாட்டு மானிடோபா பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன்சன் என்பார் விதையில் இப்பொருள் குறைந்த எண்ணெய்ப்பயிர் வகையை உருவாக்கி 1974-இல் வெளியிட்டார். விதையில் குறைத்தது நன்றே. ஆயின் இலையிலும் குறையுமாயின் அதுவரை அணுகாத பூச்சிகளுக்கும் அப்பயிர் எளிய இரையாகிவிடும். விதையில் நீக்கி இலையில் நிறுத்துவதே பயிர்ப் பெருக்க அறிஞர்கள் நாடும் நெறியாகும்.

முடிவுரை

நசுங்காத கடுகில் காரம் இல்லை. காரத்திற்கான ஆயத்தமே உள்ளது. அவ்வாயத்தம் இரு பொருள்களாகப் பிரிந்து நின்று, பகைவனின் கடியால் ஒன்றுகூடுகிறது. பெரும்பாலான பூச்சிகளை அது விலக்குகிறது. அதனை வென்ற சில பூச்சிகளுக்கோ அதுவே அழைப்பாகவும் படைக்கலமாகவும் மாறுகிறது. அந்நிலையில் செடி குளவியைத் துணைக்கு அழைக்கிறது; சில செடிகள் புதிய நஞ்சையும் சேர்க்கின்றன. இவையே நாம் இக்கட்டுரையில் கண்டவை.

இவற்றால் பெறப்படுவது ஒன்று. காவல் என்பது ஒருமுறை கட்டி முடித்துவிட்டு உறங்கத்தக்க மதிலன்று. எத்துணை நுட்பமான காவலும் காலப்போக்கில் வெல்லப்படும். வென்றவனுக்கு எதிராக மற்றொன்றை ஆயத்தம் செய்யும் ஆற்றலும், துணையை இழக்காதிருக்கும் அறிவுமே நிலைத்த காவல். ஒற்றை நஞ்சை நம்பிய வேளாண்மை தோற்றதும், கடுகு வரிசையையும் குளவியையும் அளவான மருந்தையும் சேர்த்துப் பயன்கொள்ளும் வேளாண்மை நிலைபெறுவதும் இந்நெறி பற்றியே ஆகும்.

நம் மாணவர்களில் பலர் உழவர் குடியினர், சிலர் நாளை ஆசிரியராவர், சிலர் வணிகராவர். முட்டைக்கோசு இலையில் ஒரு துளையைக் காணும்போது மருந்துக் கடையை நினைப்பதற்கு முன், அத்துளையின் ஓரத்தில் நடந்த போரையும் நினைப்பார்களாக. அந்நினைவைத் தம் தாய்மொழியில் பெற்றோர்க்கும் அண்டை அயலார்க்கும் எடுத்துரைக்க அவர்களால் இயலுமாயின், தமிழ் பயின்றதன் பயனும் அங்கே விளையும்.